படத்தை வீட்டில் பிரிண்ட் போடுவதா, போட்டோ லேபில் கொடுப்பதா?

எங்கள் பள்ளியில் யாராவது பிரிண்டர் வாங்க நினைத்தால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். காட்பாடியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். 2016 முதல் வீட்டில் போட்டோ பிரிண்டர் வைத்திருக்கிறேன். "டீச்சர், கடைக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்கலாம் அல்லவா?" என்பார்கள். நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது கலரில் ஏதேனும் போடுவீர்களா? போடுகிற படம் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தீர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வியை நான் கற்றுக்கொண்டது 2021 நவம்பரில், குடியாத்தத்தில். மோர்தானா அணை நிரம்பி, கவுண்டன்ய நதி கரைபுரண்ட நேரம். என் சித்தி வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் இரண்டு ஆல்பங்கள். ஒன்றில் தொண்ணூறுகளில் ஃபிலிமைக் கழுவக் கொடுத்து கலர் லேபில் போட்ட படங்கள். மற்றதில் இருந்தவை நான் என் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் (மையை நுண்துளிகளாகத் தாளில் தெளிப்பது) போட்டு, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆசையாகக் கொண்டுபோய்ச் சித்தியிடம் கொடுத்தவை.

தண்ணீர் வடிந்த மறுநாள் போனேன். பழைய ஆல்பத்துப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. பிளாஸ்டிக் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, கட்டியை அப்படியே ஊறவைத்தோம். அவசரப்பட்டுப் பிரிக்கவில்லை. சற்று நேரத்தில் ஒவ்வொன்றாகத் தாமே விலகி வந்தன. சேற்றை விரலால் தேய்க்காமல், தண்ணீரை மாற்றி மாற்றி அலசியே போக்கினோம். கூடத்தில் பழைய பருத்திப் புடவையை விரித்து, படப் பக்கம் மேலே இருக்கும்படி பரப்பினோம். ஓரங்கள் சுருண்டன. சிலவற்றில் மூலை உரிந்தது. ஆனால் முகங்கள் இருந்தன.

நான் போட்டுக் கொடுத்த ஆல்பத்தில் முகங்கள் இல்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் சித்தப்பா என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற படம் அதில் இருந்தது. மகளின் பாவாடைச் சிவப்பு சித்தப்பாவின் வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியிருந்தது. அவர் முகம் இருந்த இடத்தில் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு திட்டு. அந்தப் படத்தை எடுத்த செல்போன் முந்தைய ஆண்டே பழுதாகிவிட்டது. வேறு எங்கும் நான் சேமித்து வைக்கவில்லை. சித்தப்பாவும் அப்போது உயிரோடு இல்லை. அந்தத் தாளைச் சித்தி தூக்கிப்போட விடவில்லை. இன்றும் அலமாரியில் வைத்திருக்கிறார்.

ஏன் அப்படி ஆனது என்று அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். லேபில் போடும் படம் வெள்ளி உப்புப் பூசிய போட்டோ தாளில் உருவாகிறது. டிஜிட்டல் லேபிலும் அதுதான்: சிவப்பு, பச்சை, நீல ஒளியை அந்தத் தாளின்மேல் பாய்ச்சுகிறார்கள், பிறகு தாள் ரசாயனத் தொட்டிகளில் மூழ்கி, தண்ணீரில் அலசப்பட்டு, உலர்ந்து வெளியே வருகிறது. நிறம் தாளின் ஜெலட்டின் படலத்துக்குள்ளேயே பிறக்கிறது. தண்ணீரில் பிறந்த படம் என்பதால் தண்ணீரைத் தாங்குகிறது. வீட்டு இங்க்ஜெட்டில் பெரும்பாலும் நிரப்புவது டை இங்க் எனப்படும் சாய மை. அது தண்ணீரில் கரைந்த சாயம். மலிவான பளபளப்புத் தாளின் மேல்பூச்சில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி தண்ணீர் பட்டால் கிளம்பிவிடுகிறது. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் அதை இன்னும் மெதுவாகத் தின்கின்றன. பிக்மென்ட் மை (தண்ணீரில் கரையாத நிறத் துகள்கள்) கொண்ட பிரிண்டர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஆனால் நம் வீடுகளுக்கு வருகிற, பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றும் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கலர் மைகள் சாய மைகளே. வாங்கும்முன் கேட்டுவிடுங்கள்.

ஆகவே என் வீட்டு வழக்கம் இது. பெண்ணின் பள்ளி புராஜெக்ட், கொலுவில் வைக்கும் சின்னப் படம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் படம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் படம் எல்லாம் வீட்டில். கல்யாணம், சீமந்தம், காதுகுத்து, பெரியவர்களின் படம், பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய எதுவும் லேபில். அதிலும் வெள்ளி உப்புத் தாளில் போடும் லேபில்; அதைக் கெமிக்கல் பிரிண்ட் என்பார்கள்.

எல்லா லேபும் அப்படிப் போடுவதில்லை. இப்போது லேப்களிலும் பெரிய இங்க்ஜெட் இயந்திரங்கள் வந்துவிட்டன. "இது கெமிக்கல் பிரிண்டா, இங்க்ஜெட்டா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கெமிக்கல் பிரிண்ட் என்றால் பெரும்பாலும் தாளின் பின்புறத்தில் பியூஜிகலர் என்றோ கோடக் என்றோ மங்கலாக அச்சடித்திருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் முகத்தின் நிழல் பகுதியைப் பாருங்கள்: இங்க்ஜெட்டில் நுண்ணிய புள்ளிகள் தெரியும், கெமிக்கல் பிரிண்டில் நிறம் தடையில்லாமல் ஓடும். வேண்டாத ஒரு பிரிண்டின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பஞ்சால் ஒற்றிப் பார்ப்பது இன்னும் எளிது. பஞ்சில் நிறம் ஏறினால் அந்த வகைப் பிரிண்டைத் தாத்தா படத்துக்கு நம்பாதீர்கள்.

இனி காசுக் கணக்கு. பிரிண்டர் 20,000 ரூபாய், ஆயுள் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 படம் போட்டால் மொத்தம் 1,500 படம். ஒவ்வொரு படத்தின் தலையிலும் பிரிண்டர் செலவு மட்டும் 13 ரூபாய் 33 காசு. ஆண்டுக்கு 50 படம் என்றால் ஒரு படத்துக்கு 80 ரூபாய். இதில் மையும் சேரவில்லை, தாளும் சேரவில்லை, சரியாக வராமல் கிழித்துப்போடும் தாளும் சேரவில்லை. உங்கள் தெருமுனை ஸ்டூடியோவில் நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றுக்கு என்ன விலை என்று கேட்டு, இதன் பக்கத்தில் எழுதுங்கள். எழுதிப் பார்த்தவர்களில் பாதிப்பேர் பிரிண்டர் எண்ணத்தை விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட வேலை, பிள்ளைகளின் ஆவணங்கள், மனுக்கள் என்று தினமும் பிரிண்டர் ஓடுகிற வீடு என்றால் கணக்கே வேறு. படம் அதில் ஒட்டிக்கொண்டு வரும் லாபம்.

"அடிக்கடி போடுவீர்களா?" என்று நான் கேட்பதற்குக் காசைவிடப் பெரிய காரணம் நம் ஊர் வெயில். 2019 கோடை விடுமுறையில் பிரிண்டரை இரண்டு மாதம் தொடவில்லை. வேலூரின் கத்திரி வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மேல்மாடி அறை அடுப்பு மாதிரி காய்ந்தது. ஜூனில் திறந்து முதல் படம் போட்டேன். எல்லார் முகமும் பச்சை. மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) மை வருகிற நுண்துளைகள் காய்ந்து அடைத்துவிட்டன. அந்த நிறம் வராவிட்டால் தோல் பச்சையாகத்தான் வரும். ஹெட் கிளீனிங் (மை பீய்ச்சும் ஹெட் என்ற பாகத்தைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) கொடுத்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் எல்லா நிற மையையும் உறிஞ்சி, உள்ளே கழிவு மை சேரும் பஞ்சில் கொட்டுகிறது. டேங்கில் மை இறங்கியது, பச்சை போகவில்லை. கடைசியில் ஹெட்டை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றிய கையோடு நாசில் செக் (மைத்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அச்சு) ஒன்று போடுகிறேன். சாதாரண வெள்ளைத் தாளில் நாலைந்து கோடுகள், ஒரு துளி மை. கோடு எங்காவது அறுந்திருந்தால் ஒரே ஒரு கிளீனிங் கொடுத்து, சரியாகாவிட்டால் சில மணி நேரம் விட்டு மறுபடி பார்க்கிறேன். அடுத்தடுத்துக் கொடுப்பது மையைத்தான் கரைக்கும். வெயில் படாத கீழ் அறையில் பிரிண்டரை வைத்து, மேலே துணி போட்டு மூடுகிறேன். இந்த ஒழுங்கு தமக்கு வராது என்று நினைப்பவர்கள், ஆனாலும் வீட்டில் படம் போட ஆசைப்படுபவர்கள், டை சப்ளிமேஷன் வகைச் சின்ன பிரிண்டரைப் பார்க்கலாம். கேனன் செல்ஃபி அந்த வகை. அதில் திரவ மை கிடையாது. ரிப்பனில் உள்ள சாயம் சூட்டால் தாளுக்கு மாறுகிறது, கடைசியாக மேலே ஒரு தெளிவான பூச்சும் ஏறுகிறது. ஆறு மாதம் பூட்டி வைத்தாலும் காய்ந்து அடைக்க அதில் எதுவும் இல்லை. தண்ணீர்த் துளிக்கும் அந்தப் பூச்சு தாங்கும். அஞ்சலட்டை அளவுக்கு மேல் அதில் போட முடியாது என்பதும், ரிப்பனையும் தாளையும் அவர்கள் விற்கும் விலைக்கே வாங்க வேண்டும் என்பதும் குறை.

லேபுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது லேபினால் இல்லை, கொண்டுபோகும் படத்தினால். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தின் நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சல் (படத்தின் நுண்புள்ளி) தான் இருக்கும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 200 வரை இறங்கினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். 1,600-ஐ 6 அங்குலத்தால் வகுத்தால் 266. அதனால் நாலுக்கு ஆறு அளவில் வாட்ஸ்அப் படமும் நன்றாகவே வருகிறது. அதே படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் கேட்டால் அங்குலத்துக்கு 89 பிக்சல்கூட இல்லை. கண் இமை, மூக்குத்தி எல்லாம் கரைந்துவிடும். எடுத்தவரிடமே கேட்டு, டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்; அப்படி வந்தால் படம் சுருங்காது. அல்லது பென் டிரைவில் வாங்குங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் மாமா இறந்த அன்று இரவு, காரியத்துக்குப் பெரிய படம் போட வேண்டும் என்று குடும்பமே செல்போன்களைத் துழாவியது. கிடைத்தது யாரோ கல்யாண வீட்டில் எடுத்து, பத்துக் குழுக்கள் சுற்றி வந்த கூட்டப் படம். அதில் மாமாவின் முகம் சுண்டுவிரல் நகம் அளவு. அதை வெட்டிப் பெரிதாக்கிக் கழுத்துக்குக் கீழே வேறு யாரோ கோட்டு போட்ட உடம்பை ஒட்டி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தார்கள். வாழ்நாளில் கோட்டே போடாத மனிதர். மாலை போட்டுக் கும்பிட்டோம்; அது அவர் முகமாக எனக்குத் தோன்றவில்லை. அபசகுனம் என்று தள்ளாதீர்கள். அறுபதாம் கல்யாணத்திலோ, பேரன் பிறந்தநாளிலோ, பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அருகில் போய் ஒரு நல்ல படம் எடுங்கள். உடனே லேபில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு, அவர்கள் இருக்கும்போதே கூடத்தில் மாட்டுங்கள். என் அம்மாவின் படத்தை அப்படித்தான் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதைக் காட்டுகிறார்.

அளவு கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செல்போன் படம் சாதாரணமாக 4:3 விகிதம். நாலுக்கு ஆறு தாள் 3:2. படுக்கைவாட்டில் எடுத்த கூட்டப் படத்தை அந்தத் தாளில் நிரப்பினால் 6 அங்குல அகலத்துக்கு உயரம் நாலரை வர வேண்டும்; தாளில் இருப்பது நாலு. அரை அங்குலம் போய்விடும். பின்வரிசையில் உயரமாக நிற்கிற சித்தப்பாவின் தலையோ, முன்வரிசைக் குழந்தைகளின் காலோ போகும். செல்போன் படங்களுக்கு ஆறுக்கு எட்டு கேளுங்கள். அது 4:3 தான், ஒன்றும் வெட்டுப்படாது. பெரிதாக வேண்டுமென்றால் பன்னிரண்டுக்குப் பதினாறு. கேமராவில் எடுத்த படம் பெரும்பாலும் 3:2. அதற்கு நாலுக்கு ஆறு, எட்டுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பதினெட்டு பொருந்தும். நாலுக்கு ஆறுதான் வேண்டும் என்றால் வெட்டாமல், ஓரத்தில் வெள்ளை விட்டுப் போடச் சொல்லலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். செல்போன் திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிராது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அப்போது இருட்டாகத் தெரிந்தால் அச்சிலும் இருட்டாகவே வரும். கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிக் கொடுங்கள். ஆனால் பல ஸ்டூடியோக்களில் கேட்காமலேயே முகத்தை வெளுத்துவிடுகிறார்கள். என் மாமியார் கருப்பு. பாலாற்றங்கரை நிலத்தில் நாற்பது ஆண்டு வேலை செய்து ஏறிய கருப்பு அது. அதை மாவு பூசினாற்போல ஆக்கிக் கொடுத்தபோது மாமியார் படத்தைப் பார்த்து, "இது யாரம்மா?" என்று கேட்டார். அதிலிருந்து கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: முகத்தைத் தொடாதீர்கள், நிறத்தை வெளுக்காதீர்கள். நிறையப் படங்கள் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்வேன்: செல்போனையே கடையில் நீட்டாதீர்கள். வேண்டிய படங்களை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய், வேலை முடிந்ததும் அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்து உங்கள் கண்முன்னேயே அழிக்கச் சொல்லுங்கள். குளியலறைக் குழந்தை, பிரசவ அறை போன்ற படங்கள் வீட்டை விட்டே போக வேண்டாம். அவற்றுக்கு வீட்டு பிரிண்டர்தான் சரி.

பாஸ்போர்ட் அளவுப் படம் வீட்டில் போடுவது உண்மையிலேயே லாபம். 3.5 சென்டிமீட்டருக்கு 4.5 என்ற அளவில், நாலுக்கு ஆறு தாள் ஒன்றில் எட்டு படங்கள் அடங்கும். வெள்ளைச் சுவர், எதிரே ஜன்னல் வெளிச்சம் இருந்தால் போதும். அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம் கேட்பார்கள். விசா போன்ற கண்டிப்பான வேலைக்கு மட்டும் வேலூர் காந்தி ரோடு பக்கம் போய்விடுவேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களுக்காக வங்காள எழுத்தில் பலகை வைத்த கடைகள் நிறைந்த தெரு அது. அவசரமாகப் படம் போட்டுக் கொடுத்துப் பழகிய கைகள் அங்கே உண்டு.

ஆன்லைனில் ஆர்டர் கொடுப்பது ஆல்பப் புத்தகத்துக்கும், நூறு படங்களை ஒன்றாகப் போடுவதற்கும் வசதி. நாலைந்து படத்துக்கு கூரியர் செலவு படத்தின் விலையைத் தாண்டிவிடும்; நிறத்தைப் பற்றி ஆளிடம் நேரில் சொல்லவும் முடியாது.

வீட்டில் போடுகிறவர்கள் தாளில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 180 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் எண்) மலிவுத் தாள் புராஜெக்டுக்குப் போதும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 230-க்கு மேல் உள்ள, பிளாஸ்டிக் போன்ற ரெசின் பூச்சுத் தாளை வாங்குங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது தாள் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சாதாரணத் தாள் என்றே விட்டுவிட்டால் மையின் அளவு தப்பிப்போய் நிறம் சோர்ந்து வரும். பளபளப்பில்லாத மேட் தாளில் எது அச்சுப் பக்கம் என்று குழம்பினால், லேசாக ஈரம் செய்த விரலால் மூலையைத் தொடுங்கள், ஒட்டுகிற பக்கம்தான் அது. வந்த படத்தை ஒரு நாள் முழுக்கத் தனியாக உலரவிட்டு, பிறகு ஃபிரேமில் போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. இடையில் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய படம் வீட்டில் இருந்தால் உரிக்கவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்து, புதிதாக ஒரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள்.

இனி எந்தப் படம் போட்டாலும் அதன் கோப்பை இரண்டு இடத்தில் வைக்கிறேன்: ஒரு ஹார்ட் டிஸ்க் என்னிடம், ஒரு பென் டிரைவ் தங்கை வீட்டில். படத்தின் பின்புறம் யார், எங்கே, எப்போது என்று எழுதிவிடுகிறேன். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் கோடு விழும். பிளாஸ்டிக் போன்ற பின்புறத்தில் பென்சிலும் ஏறாது. சிடியில் எழுதுகிற நுனி மெல்லிய மார்க்கரால் ஓரத்தில் எழுதி, மை காயும்வரை அடுத்த படத்தை மேலே வைக்காமல் விடுங்கள்.